குழந்தையின் சிறுநீர்ப்பைச் சோதனை: எதை அளக்கிறார்கள், யாருக்குத் தேவை?

படுக்கையை நனைக்கும் ஏழு வயதுப் பிள்ளையை அழைத்து வந்து, "அந்த டியூப் டெஸ்ட்டை எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. முதுகில் கட்டியோடு பிறந்து, ஆபரேஷனும் முடிந்து ஓடியாடும் குழந்தைக்கு அதே டெஸ்ட்டை டாக்டரே எழுதிக் கொடுத்தும், "பிள்ளைதான் நல்லா விளையாடுதே, எதுக்கு வதைக்கணும்?" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடும் பெற்றோரும் உண்டு. முதல் பிள்ளைக்கு அநேகமாக அந்தச் சோதனை தேவையே இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு அதைத் தள்ளிப்போட்டால் கிட்னிக்கே ஆபத்து வரலாம். அந்தச் சோதனை எதை அளக்கிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லாததால்தான் இந்த இரண்டு தவறுகளும் நடக்கின்றன.

யூரோடைனமிக் சோதனை என்பது அதன் பெயர். சிலர் அதை ஸ்கேன் என்கிறார்கள், சிலர் கிட்னி டெஸ்ட் என்கிறார்கள், "கரண்ட் வைப்பாங்க" என்று பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் சிறுநீர்ப்பை நிரம்பும்போதும் காலியாகும்போதும் அதற்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. உடம்புக்குள் கரண்ட் எதுவும் பாய்வதில்லை. அழுத்தத்தை ஏன் அளக்க வேண்டும் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

## பலூனும் இரண்டு விரலும்

ஒரு பலூனில் தண்ணீர் நிரப்பி, வாயைக் கட்டாமல் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பலூனின் சுவர் தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கும். விரல்கள் அதைத் தடுத்து நிற்கும். விரலைத் தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்.

சிறுநீர்ப்பையிலும் இதே இரண்டு பாகங்கள் இருக்கின்றன. பையின் சுவரே ஒரு தசைதான். டாக்டர்கள் அதை டெட்ரூசர் என்பார்கள், நாம் சுவர்த்தசை என்று வைத்துக்கொள்வோம். பையின் வாய்ப்பக்கம், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை சுருக்குத்தசை. நம் இரண்டு விரலின் வேலையை அதுதான் செய்கிறது.

இந்த ஒப்புமை இதுவரைக்கும்தான் சரியாக வரும். பலூனில் தண்ணீர் ஏற ஏற, சுவர் திருப்பித் தள்ளும் வேகமும் ஏறிக்கொண்டே போகும். ஆரோக்கியமான சிறுநீர்ப்பை அப்படிச் செய்வதில்லை. சிறுநீர் சேரச் சேர அதன் சுவர் இளகி இடம் கொடுக்கும். காலியாக இருந்தபோது இருந்த அழுத்தத்துக்கும் முக்கால்வாசி நிரம்பியபோது இருக்கும் அழுத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம், போகலாம் என்று மூளை அனுமதி கொடுத்ததும் முதலில் சுருக்குத்தசை தளரும், அதை ஒட்டியே சுவர்த்தசை சுருங்கும், பை காலியாகும். உடனே இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஒன்று சுருங்கும்போது மற்றொன்று தளர வேண்டும் என்ற இந்த ஒழுங்கைக் காப்பது நரம்புகள். சிறுநீர்ப்பைக்கு வரும் முக்கியமான நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம் இரண்டு தசைகளின் வேலையையும் ஒருங்கிணைக்கிறது. கைக்குழந்தையிடம் இது பெரும்பாலும் தன்னிச்சையாக நடக்கும். வளர வளர, மேல் மூளை "இப்போ வேண்டாம், பாத்ரூம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தடுத்து நிறுத்தக் கற்றுக்கொள்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பகல் நேரத்தில் இதில் தேறிவிடுவார்கள்.

பையின் அளவும் வயதோடு வளரும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், அந்த வயதில் எத்தனை மில்லிலிட்டர் கொள்ள வேண்டும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 180 மி.லி., ஒன்பது வயதுக்கு 300 மி.லி. பன்னிரண்டு வயதுவரை இந்தக் கணக்கு செல்லும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சிறுநீர்ப்பையில் ஒரு சுவர்த்தசை, ஒரு சுருக்குத்தசை. நிரம்பும்போது சுவர் இளகிக் கொடுக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். காலியாகும்போது வாய் திறக்க வேண்டும், சுவர் சுருங்க வேண்டும். இந்த வரிசை குலைந்தால்தான் சிக்கல்.

## நனையாத பிள்ளைக்கு ஆபத்து அதிகமாக இருக்கலாம்

சிறுநீர்ப் பிரச்சினை என்றாலே நாம் நனைவதைத்தான் பார்க்கிறோம். டவுசர் ஈரமாகிறதா, பாய் ஈரமாகிறதா என்பதை வைத்தே நோயின் கடுமையைக் கணிக்கிறோம். நனைவது பிள்ளைக்கும் வீட்டுக்கும் பெரிய வேதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிட்னிக்கு வரும் ஆபத்தை ஈரம் காட்டாது. அதைக் காட்டுவது அழுத்தம்.

கிட்னி சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. அங்கிருந்து யூரிட்டர் என்ற மெல்லிய குழாய் அதைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் சிறுநீர்ப்பையில் சேர்க்கிறது. அந்தக் குழாயின் தள்ளும் பலம் கொஞ்சம்தான். சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் குறைவாக இருக்கும்வரை அந்தப் பலம் போதும். பைக்குள் அழுத்தம் ஏறி, மணிக்கணக்கில் ஏறியே நின்றால், மேலிருந்து வரும் சிறுநீர் இறங்க வழியில்லாமல் தேங்கும். சிலருக்குப் பையில் உள்ளது மேல்நோக்கியும் ஏறும். கிட்னி வீங்கும், கிருமி தொற்றும், நாளடைவில் தழும்பு விழும். இதெல்லாம் பெரும்பாலும் வலியில்லாமல் நடப்பதுதான் கொடுமை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும், விளையாடும், சாப்பிடும். வெளியே எதுவும் தெரியாது.

இதை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்ததில் 1981-இல் அமெரிக்காவில் எட்வர்ட் மெக்குயரும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த 42 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் எந்த அளவுக்கு ஏறும்போது சிறுநீர் தானாகக் கசிகிறது என்று ஒவ்வொருவருக்கும் அளந்தார்கள். 40-க்குக் கீழே கசிந்துவிட்டவர்களில் ஒருவருக்கும் சிறுநீர் மேல்நோக்கி ஏறவில்லை. 40-ஐத் தாண்டியும் கசியாமல் தாங்கியவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஏறியிருந்தது.

அந்த 40 என்பது 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், தன் அடியில் கொடுக்கும் அழுத்தம். சிறுநீர்ப்பை அழுத்தத்தை இந்த அலகில்தான் எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் 'செ.மீ. நீர்' என்ற பொருளில் வரும் எண்களெல்லாம் இதுதான்.

பலூனை மறுபடி நினைத்துப் பாருங்கள். விரல்கள் பலவீனமாக இருந்தால் கொஞ்சம் அழுத்தம் ஏறியதுமே தண்ணீர் ஒழுகிவிடும், பலூனுக்கு ஒன்றும் ஆகாது. விரல்கள் இரும்புப்பிடியாக இருந்தால் ஒரு சொட்டுகூட ஒழுகாது, அழுத்தம் முழுக்க உள்ளேயே நிற்கும். நரம்புக் குறையோடு பிறந்த குழந்தைகளிலும் இதேபோல, ஓயாமல் ஒழுகும் பிள்ளையின் கிட்னி ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். "எங்க பிள்ளை நனைக்கவே நனைக்காது" என்று தாய் நிம்மதியாகச் சொல்லும் பிள்ளையின் கிட்னி உள்ளுக்குள் வீங்கிக்கொண்டிருக்கலாம். எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஒழுகும் பிள்ளைக்கும் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

## எந்தப் பிள்ளைக்கு அவசியம்?

முதலிடம் முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கு. ஸ்பைனா பிஃபிடா என்று டாக்டர்கள் சொல்லும் குறை இது: கருவில் முதுகெலும்பு சரியாக மூடாமல் போவது. முதுகில் கட்டி வெளிப்படையாகத் தெரியலாம். அல்லது அடிமுதுகில் ஒரு குழி, ஒரு முடிக்கற்றை, ஒரு கொழுப்புத் திரட்சி மட்டும் தெரிந்து, உள்ளே தண்டுவடம் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். சிறுநீர்ப்பைக்கு வரும் நரம்புகள் அந்த இடத்திலிருந்தே கிளம்புவதால், காலில் பலவீனமே இல்லாத குழந்தைக்கும் சிறுநீர்ப்பை பாதிக்கப்பட்டிருக்கலாம். முதுகில் ஆபரேஷன் செய்த கைக்குழந்தைக்கு, ஆபரேஷனால் நரம்புகளுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி தணிந்தபின், பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வயதிலேயே முதல் சோதனை செய்வார்கள். "இவ்வளவு சின்னக் குழந்தைக்கா?" என்று பதறத் தோன்றும். கிட்னி கெடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்த வயதில் செய்கிறார்கள்.

அடுத்து, ஆண் குழந்தைகளில் சிறுநீர்க் குழாய்க்குள் பிறவியிலேயே ஒரு சவ்வு அடைப்பு வருவதுண்டு. பின்புற வால்வு என்று எழுதுவார்கள். கர்ப்பகால ஸ்கேனிலேயே குழந்தையின் கிட்னி வீங்கியிருப்பதாகச் சொன்னால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடைப்பை நீக்கிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிறப்பதற்கு முன்பிருந்தே அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அந்தச் சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துப்போயிருக்கும். அடைப்பு போனபிறகும் சுவரின் குணம் மாறாமல் இருக்கலாம். அதனால் இந்தப் பையன்களுக்குத் தொடர்கண்காணிப்பு தேவை.

ஆசனவாய் இல்லாமல் பிறந்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் போன்ற சிலருக்கும் இந்தச் சோதனை வேண்டியிருக்கும்.

இனி இரவில் மட்டும் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள். ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் இரவில் நனைப்பார்கள். அவர்களில் ஒவ்வொரு வருடமும் ஏழில் ஒரு பங்கு பிள்ளைகள் எந்த வைத்தியமும் இல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். பகலில் பிரச்சினை எதுவும் இல்லாமல் இரவில் மட்டும் நனைக்கும் பிள்ளைக்கு யூரோடைனமிக் சோதனை தேவையில்லை. அடியும் தேவையில்லை, சூடு வைப்பதும் தேவையில்லை. தூக்கத்தில் நடப்பதற்கு விழித்திருக்கும்போது தண்டனை கொடுப்பது அநியாயம்.

பகலிலும் நனைப்பது, அடக்க முடியாமல் ஓடுவது, காலைப் பின்னிக்கொண்டு நிற்பது, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருவது இருந்தால் கதை வேறு. அங்கும் எடுத்த எடுப்பில் டியூப் போட மாட்டார்கள். முதலில் எளிய வழிகள் இருக்கின்றன.

சுருக்கமாக: நரம்பு அல்லது அடைப்பு காரணமாக அழுத்தம் ஏறும் வாய்ப்புள்ள குழந்தைக்குச் சோதனை அவசியம். இரவில் மட்டும் நனைத்தால் அவசியமில்லை. நடுவில் இருப்பவர்களுக்கு எளிய சோதனைகளும் சிகிச்சையும் முதலில், அதில் தீராவிட்டால்தான் இது.

## டியூப் இல்லாத சோதனைகள்

எளிய வழிகளில் முதலாவது ஒரு நோட்டுப்புத்தகம். இரண்டு முழு நாட்களுக்கு, பிள்ளை எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போனது, எவ்வளவு போனது, எவ்வளவு குடித்தது, எப்போது நனைத்தது என்று எழுத வேண்டும். அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை போல வீட்டில் இருக்கும் நாட்கள் வசதி. மலம் எப்போது கழித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒரு வாரத்துக்காவது. இதை மேம்போக்காக எழுதிக்கொண்டு வருபவர்களே அதிகம். ஒழுங்காக எழுதிய இரண்டு பக்கங்கள், பல நேரங்களில் விலை கூடிய சோதனையைவிட அதிகம் சொல்லும். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை பகலில் நான்கு முதல் ஏழு தடவை போவது வழக்கம். மூன்றோ அதற்குக் குறைவோ என்றால் பிள்ளை அடக்கிவைக்கிறது என்று அர்த்தம். பள்ளிக் கழிப்பறையின் நிலை சரியில்லாமல் காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தேவை கழுவி வைத்த, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை.

மலச்சிக்கலை ஏன் கேட்கிறார்கள் என்று பெற்றோர் விழிப்பதுண்டு. சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் மலக்குடல் இருக்கிறது. அது நிறைந்து இறுகிக் கிடந்தால் முன்னால் இருக்கும் பையை அழுத்தும். இரண்டையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தசைகளும் பொது. மலச்சிக்கலைச் சரி செய்ததுமே பகல்நேர நனைத்தல் நின்றுபோன பிள்ளைகள் நிறைய.

இரண்டாவது யூரோஃப்ளோ. ஒரு புனல் மாதிரியான கருவி பொருத்திய கழிப்பறையில் பிள்ளை வழக்கம்போல ஒன்றுக்குப் போக வேண்டும். ஒரு நொடிக்கு எத்தனை மி.லி. வெளியேறுகிறது என்று கருவி கோடாக வரையும். ஊசி இல்லை, டியூப் இல்லை, வலி இல்லை. நல்ல ஓட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒரே மேடாக வரும். ஓடும்போதே சுருக்குத்தசை இறுகி இறுகித் தளர்ந்தால் கோடு ரம்பப்பல் போல வெட்டிவெட்டி வரும். குழாயில் அடைப்பு இருந்தால் உயரமே இல்லாமல் தட்டையாக நீளும். போய் முடித்த உடனே வயிற்றில் ஸ்கேன் வைத்து, பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் 10 மி.லி.க்கு மேல் மிஞ்சினால் பை சரியாகக் காலியாவதில்லை என்று கணக்கு. ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டுவது தவறு. புது இடம், வெளியே காத்திருக்கும் கூட்டம், கூச்சம் எல்லாம் சேர்ந்து ஓட்டத்தைக் கெடுக்கும்.

## யூரோடைனமிக் அறைக்குள்

இப்போது அந்தச் சோதனைக்கு வருவோம். எதிலும் குறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமல் உள்ளே போவதுதான் பிள்ளைக்கும் தாய்க்கும் பெரிய பயம்.

பிள்ளை விழித்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் தசைகளும் நரம்பும் தங்கள் இயல்பைக் காட்டாது, பிள்ளையால் "வருது" என்று சொல்லவும் முடியாது. மரத்துப்போக வைக்கும் ஜெல் தடவிவிட்டு, ஸ்ட்ராவைவிட மெல்லிய ஒரு டியூபைச் சிறுநீர் வெளியேறும் குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்கள். இதுதான் கஷ்டமான கட்டம். எரியும், பிள்ளை அழும், சில நிமிடங்களில் அடங்கும். ஆசனவாய்க்குள் இன்னொரு மெல்லிய டியூப். அடிப்பக்கத் தோலில் இரண்டு மூன்று ஒட்டுத் தாள்கள். அவை சுருக்குத்தசைப் பகுதியின் அசைவைப் பதிவு செய்ய மட்டுமே.

ஆசனவாய் டியூப் எதற்கு? பிள்ளை அழுதாலோ சிரித்தாலோ வயிறு முழுக்க அழுத்தம் ஏறும், சிறுநீர்ப்பைக்குள்ளும் ஏறும். அது சுவர்த்தசை சுருங்கியதால் ஏறிய அழுத்தமா, வயிறு அமுங்கியதால் ஏறியதா என்று பிரித்தாக வேண்டும். ஆசனவாய் டியூப் வயிற்றின் அழுத்தத்தைச் சொல்லும். பைக்குள் இருக்கும் அழுத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது சுவர்த்தசையின் அழுத்தம். பையில் 35, வயிற்றில் 25 என்றால் சுவர்த்தசைக்கு 10.

நிரப்பத் தொடங்கும் முன் டெக்னீஷியன் ஒன்று செய்வார். "தம்பி, ஒரு தடவை நல்லா இருமு பார்ப்போம்." பிள்ளை இருமும். திரையில் மேலே ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு கோடுகளும், பையின் கோடும் வயிற்றின் கோடும், ஒரே நேரத்தில் ஒரே உயரத்துக்குத் துள்ளி இறங்கும். கீழே மூன்றாவதாக ஓடும் சுவர்த்தசைக் கோடு அசையாமல் நேராகவே போகும். அப்படி நடந்தால் டியூப்கள் சரியான இடத்தில் இருக்கின்றன, கணக்கு சரியாக வரும். ஒரு கோடு துள்ளி மற்றொன்று துள்ளாவிட்டால் டியூபைச் சரிசெய்துவிட்டுத்தான் தொடர வேண்டும். நடுநடுவேயும் இருமச் சொல்வார்கள். கைக்குழந்தையிடம் இரும வேண்டும் என்று கேட்க முடியாது, அதன் அழுகையே அந்த வேலையைச் செய்துவிடும். சோதனையின் தரத்தை ஒரு நொடியில் காட்டிக்கொடுப்பது இந்த இருமல்தான். இதைச் செய்யாமல் எடுத்த ரிப்போர்ட்டை நான் நம்பத் தயங்குவேன்.

அப்புறம் உடம்புச் சூட்டை ஒட்டிய உப்புநீரை மெதுவாக உள்ளே விடுவார்கள். நிமிடத்துக்குக் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. 180 மி.லி. கொள்ளும் பையென்றால் நிமிடத்துக்கு 9 முதல் 18 மி.லி. வேகமாக விட்டாலோ குளிர்ந்த நீரை விட்டாலோ நல்ல பைகூடத் துடித்துச் சுருங்கும், இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். இந்த நேரம் முழுக்கப் பிள்ளை அம்மா மடியை ஒட்டிப் படுத்தபடி போனில் கார்ட்டூன் பார்க்கலாம். முதல் உணர்வு எப்போது வந்தது, அவசரம் எப்போது வந்தது, எப்போது கசிந்தது என்று ஒவ்வொன்றையும் கோட்டில் குறித்துக்கொண்டே வருவார்கள். நிரம்பியதும், டியூப் இருக்கும்போதே பிள்ளையை ஒன்றுக்குப் போகச் சொல்வார்கள். பெரும்பாலும் இன்னொரு தடவையும் நிரப்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் முதல் தடவை பயத்தின் கலப்பு அதிகம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் கூடக்குறைய ஆகும்.

சில இடங்களில் உப்புநீருக்குப் பதிலாக எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை விட்டு, அழுத்தத்தை அளக்கும்போதே படமும் எடுப்பார்கள். வீடியோ யூரோடைனமிக் என்பது அது. அழுத்தம் எவ்வளவு இருக்கும்போது சிறுநீர் மேலே ஏறுகிறது என்பது இதில் கையோடு தெரியும்.

சுருக்கமாக: இரண்டு மெல்லிய டியூப், மெதுவாக ஏறும் உப்புநீர், திரையில் கோடுகள். பைக்குள் இருப்பதிலிருந்து வயிற்றில் இருப்பதைக் கழித்தால் சுவர்த்தசையின் அழுத்தம் கிடைக்கிறது.

## ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்

கம்ப்ளையன்ஸ் என்றால் சுவர் எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பது. நல்ல பையில், முழுக்க நிரம்பியபோதும் சுவர்த்தசை அழுத்தம் ஏறக்குறைய 10-க்குள் அடங்கும். நிரப்ப நிரப்பக் கோடு சாய்வாக ஏறிக்கொண்டே போனால் கம்ப்ளையன்ஸ் குறைவு என்று எழுதுவார்கள். பை பலூனைப் போல நடந்துகொள்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ரிப்போர்ட்டில் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஓவர்ஆக்டிவ் என்றால் நிரம்பும் கட்டத்திலேயே சுவர்த்தசை கேட்காமல் சுருங்குகிறது. கோட்டில் திடீர் திடீரென்று மேடுகள் தெரியும். பிள்ளை அவசரமாக ஓடுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

டிஸ்சினர்ஜியா என்றால் சுவர்த்தசை சுருங்கும் நேரத்தில் சுருக்குத்தசை தளராமல் இறுகுவது. பலூனை அமுக்கிக்கொண்டே வாயையும் இறுக்கினால் என்ன ஆகுமோ அதுதான். நரம்புக் குறை உள்ள பிள்ளைகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. நரம்பில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளும் அடக்கி அடக்கிப் பழகி, போகும்போதும் இறுக்கிக்கொள்வது உண்டு. அதற்குப் பெயர் வேறு, பயிற்சியால் மாற்றக்கூடியது: காலைப் பலகையில் ஊன்றி நிதானமாக உட்காருவது, மணி பார்த்துப் போவது, திரையில் தன் தசையின் கோட்டைப் பார்த்துத் தளர்த்தக் கற்பது.

லீக் பாயிண்ட் பிரஷர் என்று ஒரு எண் இருக்கும். எந்த அழுத்தத்தில் கசிந்தது என்பது. மெக்குயரின் 40 இங்கேதான் வருகிறது. 39 என்றால் பாதுகாப்பு, 41 என்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 30-லேயே மணிக்கணக்கில் நிற்கும் பையும் கெடுதிதான்.

இந்தச் சோதனை சொல்லாததும் உண்டு. கிட்னியின் வீக்கத்தைச் சாதாரண ஸ்கேன் காட்டும். தழும்பைக் காட்டுவது டிஎம்எஸ்ஏ ஸ்கேன். சிறுநீர் மேலே ஏறுவதைக் காட்டுவது எம்சியுஜி என்ற எக்ஸ்ரே. ஒன்று எடுத்தாகிவிட்டது என்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

## போவதற்கு முன்பும் வந்த பிறகும்

யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது சோதனை செய்யக் கூடாது. அதனால் சில நாட்களுக்கு முன் யூரின் டெஸ்ட் கேட்பார்கள், அதைத் தவிர்க்காதீர்கள். மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்கான மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டுமா தொடர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டுக் குறை உள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் அலர்ஜி மற்றவர்களைவிட அதிகம் வரும். கையுறையும் டியூபும் லேடெக்ஸ் இல்லாததாக இருக்கட்டும் என்று நீங்களே நினைவூட்டலாம், தவறில்லை.

பிள்ளையிடம் "ஒண்ணுமே வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு டியூப் போடுவார்கள், முதலில் எரியும், அப்புறம் சரியாகிவிடும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பொய் சொல்லி அழைத்துப் போன பிள்ளை அடுத்த தடவை அறைக்குள் கால் வைக்காது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அடுத்த தடவை என்பது நிச்சயம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் நிறையத் தண்ணீர் கொடுங்கள். ஒரு நாள் எரிச்சலும் லேசான ரத்தக் கலப்பும் இருக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, யூரின் போக முடியாமல் தவித்தாலோ, ரத்தம் அதிகமானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சிறுநீர் எரிச்சலுக்கெல்லாம் "சூடு" என்று இளநீரோ வெந்தயமோ கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறோம். வெயில் காலத்தில் தண்ணீர் போதாமல் எரிவது உண்டுதான். ஆனால் காய்ச்சலோடு வரும் எரிச்சலைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது, சிறுநீர்ப்பையில் குறையுள்ள பிள்ளைக்குக் கட்டாயம் கூடாது.

## அழுத்தம் அதிகம் என்று தெரிந்தால்

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சுவர்த்தசையை இளக வைக்கும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கூடவே, குறித்த நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய டியூபைப் பெற்றோரோ பிள்ளையோ போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு டியூபையும் எடுத்துவிடுவது. சிஐசி என்று இதைச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் இருந்தால்தான் டியூப் போடலாம் என்றிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் 1972-இல், சோப்புப் போட்டுக் கை கழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும், பை நிரம்பி விரிந்து கிடக்க விடாமல் அடிக்கடி காலி செய்வதுதான் முக்கியம் என்று காட்டினார். அதற்குப் பிறகு இது வீட்டு வேலையாகிவிட்டது. ஆறேழு வயதில் பல பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். மருந்தும் இதுவும் போதாதபோது சுவர்த்தசைக்குள் போடாக்ஸ் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் குடலின் ஒரு பகுதியை வைத்துப் பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன் என்று மேலே போவார்கள். அந்த முடிவுகளெல்லாம் அழுத்தக் கோட்டைப் பார்த்துத்தான் எடுக்கப்படும்.

மருந்து தொடங்கிய பிறகு, மருந்து சாப்பிடும் நிலையிலேயே சோதனையைத் திரும்பச் செய்வார்கள், அழுத்தம் இறங்கியதா என்று பார்க்க. பிள்ளை வேகமாக வளரும் வயதில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்டுவடம் இழுபட்டு, நன்றாக இருந்த பை திடீரென்று கெடலாம். புதிதாக நனைய ஆரம்பித்தாலோ, நடை மாறினாலோ, மலச்சிக்கல் கூடினாலோ, அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், முடிவு எழுதிய முதல் பக்கத்தை மட்டுமல்ல, கோடுகள் அச்சான பின்பக்கங்களையும். ஒரு வருடத்துக்கு முந்தைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்றைய கோட்டை வைத்துப் பார்க்கும் டாக்டருக்கு, எந்த இடத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.